மேட்டுத் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வாடிப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் சிறுமலை தெரியும். அந்த மலைமேல் எங்களுக்கு 40 சென்ட் இருக்கிறது. காப்பி, ஊடே மலைவாழை, நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. திண்டுக்கல்லைச் சுற்றிப்போய், 18 கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸை விட்டு இறங்கினால், அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. பைக் கூடப் போகாது. விளைந்தது இறங்குவதும் உரம் ஏறுவதும் குதிரை முதுகில்தான், இல்லையென்றால் ஆள் தலையில்.

மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, முறிக்க அந்தத் துண்டு நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்ட அனுபவத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே சமவெளியில் இருப்பவர்கள், அதுவும் திருமங்கலம் பக்கம் கரிசல் வைத்திருப்பவர்கள், இதைக் கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கரிசலில் பல இடங்களில் சுக்கான் கல்லாகச் சுண்ணாம்பு ஏற்கெனவே கிடக்கிறது. சோடிய உப்பு மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவது வேறு வைத்தியம். அது மண்ணின் புளிப்பை முறிக்காது.

மலையில் பெய்கிற மழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. நாம் போடும் அம்மோனியா உரங்களும் தம் பங்குக்குப் புளிப்பை ஏற்றுகின்றன. எங்கள் தோட்டத்தில் எவ்வளவு உரம் வைத்தும் வாழை தேறவில்லை. ஒரு பக்கக் கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் குட்டையாக, நுனி தடித்து, சல்லிவேரே இல்லாமல் இருந்தது. மண் ரொம்பப் புளித்தால் அதிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரஸையும், இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்கு விடாது.

பத்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைச் சோதனைக்குக் கொடுத்தோம். கார அமில நிலை, அதாவது pH, 4.9 என்று வந்தது. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆறுக்கும் ஐந்துக்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஒரு எண்ணில் புளிப்பு பத்து மடங்கு. இந்த எண்ணை மட்டும் வைத்துச் சுண்ணாம்பின் அளவைச் சொல்லிவிடவும் முடியாது. ஒரே எண் காட்டினாலும் களிமண்ணுக்கு அதிகம் வேண்டும், மணற்பாங்குக்குக் குறைவு. அதனால் சுண்ணாம்புத் தேவை எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஏக்கருக்கு 1 டன் என்று சொன்னார்கள். 40 சென்ட்டுக்கு 400 கிலோ. அதை இரண்டு வருஷத்துக்குப் பிரித்துக்கொண்டோம்.

எந்தச் சுண்ணாம்பு என்பதில்தான் நான் தப்புச் செய்தேன். மதுரைக்காரர்களுக்குக் காளவாசல் என்றால் பஸ் நிற்கும் இடம், ஆனால் அந்தச் சொல்லுக்குச் சூளை என்று பொருள். அப்படி ஒரு சூளையில் சுட்ட கல் சுண்ணாம்பை வாங்கினேன். கணக்குப்படி அது சரிதான். சுண்ணாம்புக்கல் பொடி 100 கிலோ செய்யும் வேலையைச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவே செய்துவிடும், சுமை பாதியாகக் குறையும். பாதி வழியில் தூறல் பிடித்தது. சாக்கு நனைந்ததும் உள்ளே சுண்ணாம்பு நீற ஆரம்பித்து, புகைபோல ஆவி வந்தது. சூடு விலாவில் பட்டு, குதிரை துள்ளிப் பாதையோரம் இறங்கிவிட்டது. அறுத்துத் தள்ளிய சாக்கு பள்ளத்தில் கிடந்து கொதித்ததைப் பார்த்தேன். குதிரையின் தோலில் மயிர் போய்ச் சிவந்திருந்தது. ஆறுவதற்கு நாளானது. அந்த வலிக்கு நான்தான் காரணம்.

அதிலிருந்து டோலமைட் பொடிதான், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் அரைத்த பொடி. நனைந்தாலும் சுடாது, மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். மாவுபோல அரைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், பருக்கையாக இருந்தால் மண்ணில் வருஷக்கணக்கில் கரையாமல் கிடக்கும். 50 கிலோ மூட்டையைக் கீழேயே பிரித்து, 20 கிலோச் சிப்பமாகக் கட்டி, உள்ளே பிளாஸ்டிக் பை போடுகிறோம். குதிரைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. 200 கிலோவுக்கு மூன்று நடை.

ஆடிக் காற்றில் தூவினால் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். ஐப்பசி அடைமழையிலோ சரிவில் வழிந்துவிடும். புரட்டாசியில், காற்று எழும்பாத காலை நேரம் தோதானது. 21 அடிக்கு 21 அடி கயிறு பிடித்தால் ஏறத்தாழ ஒரு சென்ட். அதற்கு 5 கிலோ. என் சிரட்டைக்குக் கால் கிலோ பிடிக்கிறது, ஆக 20 சிரட்டை. பத்துச் சிரட்டையை மேலும் கீழுமாக, பத்துச் சிரட்டையைக் குறுக்காகத் தூவுவோம். தூரில் கொட்டிக் குவிக்க வேண்டாம். காப்பிக்கு வேர் மேலாக ஓடுவதால், சருகை ஒதுக்கித் தூவி, களைக்கொத்தால் இரண்டு அங்குலம் மட்டும் கீறி, சருகை மறுபடி மூடிவிடுவோம். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள்.

யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் சேர்த்துப் போடக் கூடாது, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஆவியாகப் போய்விடும். மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்ற ஆசையும் ஆகாது. அளவு மீறினால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

போன வருஷம் முதல் பாதியைப் போட்டோம். ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் சருகை விலக்கிப் பார்த்தால், வாழையடியில் வெள்ளை வெள்ளையாகச் சல்லிவேர் ஓடியிருக்கிறது. பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மீதி 200 கிலோ இந்தப் புரட்டாசிக்கு ஏற வேண்டும். அதற்கு முன்னால் மண்ணை மறுபடி சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். எண் நன்றாக ஏறியிருந்தால் குதிரைக்கு ஒரு நடையாவது மிச்சம்.

நன்றி, வணக்கம்.