நாயின் டியூ க்ளா: எடுப்பதா, விட்டுவைப்பதா?

[காட்சி: ஒரு நாயின் முன்னங்கால் மிக அருகில். உட்புறத்தில், மற்ற விரல்களுக்கு மேலே நிற்கும் நகம் தெளிவாகத் தெரிகிறது.]

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் போன்ற இடங்களில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்கள், குட்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. காலின் உட்புறத்தில், தரையில் படாமல் சற்று மேலே நிற்கும் அந்த விரலை, அதாவது டியூ க்ளாவை, எடுத்துவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னங்காலில் உள்ளதை, நோயோ மீண்டும் மீண்டும் காயமோ இல்லாதபோது, வெறும் முன்னெச்சரிக்கையாக எடுக்கக் கூடாது. பின்னங்காலில் தொங்கிக்கொண்டிருப்பதை எடுப்பது பற்றி மருத்துவரிடம் தாராளமாகப் பேசலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் உடலமைப்பில் வெவ்வேறானவை.

முன்னங்காலில் இருப்பது நம் கட்டைவிரலுக்கு இணையான ஒரு முழு விரல். அதற்குள் எலும்புகள் இருக்கின்றன, மூட்டு இருக்கிறது, முன்கைத் தசைகளிலிருந்து இறங்கி வரும் தசைநாண்கள் அதில் வந்து பற்றிக்கொள்கின்றன. நாய் மெதுவாக நடக்கும்போது அது தரையைத் தொடாததால்தான் பயனற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் அதே நாய் டர்பன் கடற்கரை மணலில் பந்தைத் துரத்தி ஓடி, சட்டென்று திரும்பும்போது, உடலின் பாரம் முழுவதும் ஒரு முன்னங்காலில் இறங்குகிறது. மணிக்கட்டு வளைந்து தாழ்கிறது. அப்போது அந்த நகம் மண்ணில் ஊன்றி, கால் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த நாய் விளையாட்டு மருத்துவ நிபுணர் கிறிஸ்டின் ஸிங்க் இந்தக் காரணத்துக்காகவே முன்னங்கால் டியூ க்ளாவை எடுக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். தடை தாண்டும் அஜிலிட்டி நாய்களைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வும், முன்னங்காலில் டியூ க்ளா இல்லாத நாய்களுக்கு மற்ற விரல்களில் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எலும்பைப் பிடித்துக் கடிக்கும்போதும், நீரிலிருந்து கரையேறும்போதும் அந்த விரல் வேலை செய்வதை, கூர்ந்து பார்த்தால் உங்கள் வீட்டிலேயே காணலாம்.

[காட்சி: க்ரூகர் தேசியப் பூங்காவில் ஓடும் காட்டு நாய்க் கூட்டம்.]

இந்த நாட்டில் இதற்கு ஓர் எதிர்வாதம் எழுவதுண்டு. ஆப்பிரிக்கக் காட்டு நாய்க்கு முன்னங்காலில் நான்கே விரல்கள்தான், அது எவ்வளவு தூரம் ஓடுகிறது, பிறகு நம் நாய்க்கு மட்டும் ஐந்தாவது எதற்கு என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020இல் அந்த விலங்கின் முன்னங்காலைப் பகுத்து ஆராய்ந்தவர்கள், தோலுக்கு அடியில் அந்த முதல் விரலின் எச்சமாக ஒரு சிறு எலும்பு மறைந்திருப்பதையும், அதைச் சார்ந்த தசைகள் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றபடி மாறி அமைந்திருப்பதையும் கண்டார்கள். அதாவது, அந்த விரல் மறைந்தபோது முழுக் காலும் அதோடு சேர்ந்து தன்னை மாற்றிக்கொண்டது. நம் வீட்டு நாயின் காலில் அந்த மாற்றம் நடக்கவில்லை. விரலை மட்டும் வெட்டி எடுத்தால், அதை நம்பியிருந்த தசைநாண்கள் பற்றுவதற்கு இடமின்றிப் போகின்றன.

பின்னங்காலின் கதை வேறு. பெரும்பாலான நாய்களுக்குப் பின்னங்காலில் இந்த விரலே கிடையாது. ஓநாய்களுக்கும் பொதுவாகக் கிடையாது. இத்தாலியில் சில ஓநாய்களின் பின்னங்காலில் டியூ க்ளா தென்பட்டபோது, அதை நாயோடு கலந்ததன் அடையாளமாகவே ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சில நாய்களுக்கு இது பரம்பரையாக வருகிறது. பல வேளைகளில் எலும்புத் தொடர்பு ஏதுமின்றி, தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். விதிவிலக்கும் உண்டு. பிரியார்ட், போஸரோன், பிரெனீஸ் மலை நாய் ஆகிய இனங்களில் பின்னங்காலில் இரட்டை டியூ க்ளா இருப்பதே இனத்தின் இலக்கணம். அந்த இனங்களை வளர்ப்பவர்கள் எடுப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் நாய்க்கு எந்த வகை என்பதைக் கையால் தொட்டே அறியலாம்.

[காட்சி: பக்கவாட்டில் படுத்திருக்கும் நாய். ஒரு கை மெல்ல நகவிரலைப் பிடிக்கிறது.]

நாய் களைத்துப் படுத்திருக்கும் நேரத்தில், அந்த விரலின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே கெட்டியான எலும்பு தட்டுப்பட்டு, மூட்டு ஓர் அளவுக்கு மேல் அசையாமல் நின்றால் அது உறுதியான விரல். எந்தப் பக்கம் தள்ளினாலும் தடையின்றிச் சாய்ந்து, தோல் மட்டும் இழுபட்டால் அது தொங்கும் விரல். பார்க்கும்போதே அந்த மடிப்புக்குள்ளும் பாருங்கள். டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நடால் மாகாணத்தின் கோடை மாதங்களில் உண்ணிகள் அங்கே ஒளிந்துகொள்ளும், இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி நம் நாய்களைப் பாடாய்ப் படுத்தும் பிலியரி காய்ச்சல் உண்ணியால்தான் வருகிறது.

காயம் படுமே என்ற அச்சம் நியாயமானது. கம்பி வலை வேலியில் ஏறிய நாயின் நகம் மாட்டிக் கிழிவதுண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு கேட்டைத் தாண்டும் நாய்க்கு இது எளிதில் நேரும். ஆனால் இப்படி மாட்டுவதற்குப் பெரும் காரணம் நகம் நீண்டு கொக்கியாக வளைந்திருப்பதே. தரையில் உரசாததால் இது தானாகத் தேயாது. கவனிக்காமல் விட்டால் வட்டமாக வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி நுழைந்துவிடும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை நுனியை நறுக்கினால் பெரும்பாலான நாய்களுக்கு அதுவே போதும். கறுப்பு நகமாக இருந்தால் சிறிது சிறிதாக நறுக்கி, வெட்டிய முகத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்பால் இரத்தக் குழாய் இருக்கிறது. தவறி இரத்தம் வந்தால், சமையலறையில் இருக்கும் மைஸீனா எனும் சோளமாவைச் சிறிது வைத்து, சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். வலிக்கிறதே என்று பனாடோ எனும் பாராசிட்டமால் மாத்திரையோ ஐபுப்ரோஃபெனோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாயின் உடலுக்குக் கடும் தீங்கு செய்யக்கூடியவை.

பிறந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள், பெரும்பாலும் மயக்க மருந்தின்றி, குட்டிகளின் டியூ க்ளாவைக் கத்தரிக்கும் பழக்கம் வளர்ப்பாளர்களிடையே இருக்கிறது. அவ்வளவு சிறிய குட்டிக்கு வலிக்காது என்று சொல்வதை நம்பாதீர்கள். வலியை உணரும் நரம்புகள் அப்போதே வேலை செய்கின்றன. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவப் பேரவை, அழகுக்காக வாலை நறுக்குவதை 2008 ஜூன் மாதம் முதல் மருத்துவர்களுக்குத் தடை செய்தது. அந்தத் தடையின் பின்னால் இருந்த அக்கறையே இங்கும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். குட்டிக்கு முன்பணம் கொடுக்கும்போதே, முன்னங்கால் விரல்களைத் தொட வேண்டாம் என்று வளர்ப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

எடுப்பதே சரி என்று ஆகும் நிலைமைகளும் உண்டு. தொங்கும் விரல் திரும்பத் திரும்பக் கிழிந்தாலோ, நகத்தின் அடியில் கட்டியோ ஆறாத சீழோ இருந்தாலோ தயங்க வேண்டாம். பின்னங்கால் விரல் தோலில் மட்டும் தொங்கினால், கருத்தடை அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கும் அன்றே அதையும் எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். மயக்கம் ஒரே முறையோடு முடிந்துவிடும். எலும்புள்ள முன்னங்கால் விரலானால், மூட்டிலிருந்து பிரித்து, இரத்தக் குழாயைக் கட்டி, அடுக்கடுக்காகத் தைக்க வேண்டிய பெரிய வேலை அது. அவசரமில்லாத சிகிச்சை என்றால், டர்பனின் ஈரக் கோடையைத் தவிர்த்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்வது புண்ணுக்கு நல்லது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் வேண்டவே வேண்டாம். புதுத் தையலோடு ஒரு நாய் வெடிக்குப் பயந்து ஓடுவது யாருக்கும் தாங்காது.

[காட்சி: கழுத்தில் கூம்புக் காலர் அணிந்த நாய். காலில் கட்டு.]

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, நாய் தையலை நக்காதபடி கூம்புக் காலரைக் கழற்றாமல் வைத்திருங்கள். இரக்கப்பட்டு இரவில் ஒரு மணி நேரம் கழற்றினாலும் தையல் பிரிந்துவிடலாம். கட்டு நனையக் கூடாது. மழைக்கால மண்ணில் வெளியே விட வேண்டியிருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி அனுப்பி, உள்ளே வந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். கட்டுக்குக் கீழே பாதம் வீங்கினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, ஈக்கள் மொய்த்தாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தையலைப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களில் பிரிப்பார்கள். சில மாதங்கள் கழித்து அந்தத் தழும்பில் கோணலான ஒரு சிறு நகம் முளைத்து வருமானால், நகம் வளரும் திசு உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டது என்று பொருள். அதை வீட்டில் கிள்ளி எடுக்க முயலாமல், அறுவை சிகிச்சை செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.