ஜூன் விடுமுறைக்காக வேலையை விடலாமா? நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நானும் கணவரும் முழுநேர வேலை பார்க்கிறோம். மகள் தொடக்கநிலை 3 படிக்கிறாள். ஐந்து வயது மகன் முழுநாள் பாலர் பள்ளிக்குப் போகிறான். பள்ளி விடுமுறை வந்தாலே மகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை வந்துவிடுகிறது. என் விடுப்பு முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகிறது. மாமியாரைத் திருச்சியிலிருந்து வரவழைப்பதா, மகளை அங்கே அனுப்புவதா, அல்லது நான் வேலையை விட்டுவிடுவதா?"

சகோதரி, உங்கள் விடுப்புக் கணக்கு தொடக்கத்திலேயே பற்றாக்குறையோடுதான் இருக்கிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் என்று பள்ளி விடுமுறை 12 வாரம், அதாவது ஏறத்தாழ 60 வேலை நாள்கள் வருகிறது. சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு, வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் 7 நாள். அது ஆண்டுக்கு ஒரு நாளாக உயர்ந்து 14 நாளை எட்டும். உங்கள் இருவருக்கும் 14 நாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகன் ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், உங்களுக்கு 6 நாள், கணவருக்கு 6 நாள் சம்பளத்துடன் கூடிய குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 நாள்தான். அதிலும் உங்கள் பங்கு 20. ஜூன் மாதத்திலேயே அது தீர்ந்துவிடும்.

இதில் சேராத நாள்களும் இருக்கின்றன. இளையர் தினம், ஆசிரியர் தினம், சிறுவர் தினம் ஆகியவற்றை ஒட்டிப் பள்ளிக்கு விடுமுறை, ஆனால் அலுவலகத்துக்கு இல்லை. தொடக்கநிலை 6 மாணவர்கள் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் தாள்களைத் திருத்தும் அக்டோபர் நாள்களிலும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். நான் பேசிப் பார்த்த வரையில், பெற்றோர் பலர் கடைசி நேரத்தில் தடுமாறுவது இந்த உதிரி நாள்களில்தான். கல்வி அமைச்சு அடுத்த ஆண்டின் பள்ளி நாள்காட்டியை முன்கூட்டியே வெளியிடுகிறது. அது வந்த வாரமே கணவரும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த நாள்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக யார் பொறுப்பு என்று பெயர் எழுதிவிடுங்கள். உங்கள் பெயரே எல்லா வட்டத்துக்கும் நேராக வந்தால், அந்தப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டும். பராமரிப்பு விடுப்பு அவருக்கும் சட்டம் கொடுத்த உரிமை. அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. மகன் ஏழு வயதைத் தாண்டியதும் அந்த ஆறு நாளும் ஆளுக்கு இரண்டு நாளாகக் குறைந்துவிடும் என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள்.

இருவரும் மாறி மாறி விடுப்பெடுத்துக் காவல் இருந்தே 40 நாளையும் தீர்த்துவிடுகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அப்படிச் செய்தால் நால்வரும் சேர்ந்து இருக்க ஆண்டில் ஒரு வாரம்கூட மிஞ்சாது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. எனவே ஜூனில் ஒரு வாரம், டிசம்பரில் ஒரு வாரம் குடும்பத்துக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி நாள்களுக்கு ஏற்பாடு தேடுங்கள். தொடக்கப்பள்ளிகளில் இயங்கும் மாணவர் பராமரிப்பு நிலையங்கள் விடுமுறைக் காலத்தில் முழுநாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கின்றன. சில நிலையங்களில் அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவித் திட்டமும் இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதால் மே மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே விசாரியுங்கள்.

இனி திருச்சி. மகளை அங்கே அனுப்புவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டில் கோடை விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தோடு முடிந்து, ஜூனில் பள்ளி திறந்துவிடும். நம் பிள்ளை ஆசையோடு போய் இறங்கும்போது அத்தை பிள்ளைகள் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வேன் ஏறிவிடுவார்கள். மாலை வரை இவள் தொலைக்காட்சி முன்னால் தனியாக இருப்பாள். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே அரையாண்டுத் தேர்வு முடிந்து அவர்களும் வீட்டில் இருப்பார்கள். ஊருக்குப் போவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களும் சேர்ந்தே போங்கள்.

மாமியார் ஜூனில் இங்கே வரட்டும், ஆனால் நான்கு வாரமும் காலை முதல் இரவு வரை அவர் தலையில் பொறுப்பை வைக்காதீர்கள். பழக்கமில்லாத ஊரில் எந்தப் பேருந்தில் ஏறுவது, யாரிடம் கேட்பது என்ற தயக்கத்தில், பேத்தியும் பாட்டியும் நாள் முழுவதும் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடப்பார்கள். மகள் பிற்பகல் வரை பராமரிப்பு நிலையத்தில் இருந்துவிட்டு, அதன் பிறகு பாட்டியோடு இருந்தால் இருவருக்குமே அந்த நேரம் இனிக்கும். வந்த முதல் வார இறுதியில் நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அவரோடு நடந்து போய் வழியைக் காட்டிவிடுங்கள்.

வேலையை விடுவது பற்றி. 60 நாளில் 40 போக மீதி 20. இருவரும் ஒரே நேரத்தில் விடுப்பெடுத்துக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நாள்களையும் உதிரி நாள்களையும் சேர்த்தாலும் பற்றாக்குறை ஏறத்தாழ ஒன்றரை மாதம்தான் வரும். அதற்காக ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தையும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிச் சந்தாவையும் விட்டுக்கொடுப்பதற்கு முன்னால், முதலாளியிடம் முறைப்படி கேட்டுப் பாருங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எவரும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை (வீட்டிலிருந்து வேலை, வேலை நேர மாற்றம் போன்றவை) எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த நியாயமான காரணத்தைச் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பது முக்கியம். "பிள்ளைக்கு விடுமுறை, உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்த இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, காலை 7.30க்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், அந்த நேரத்துக்குப் பிறகு வரும் அவசர வேலையை யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொடுத்தால், மேலாளர் மறுப்பதற்கான காரணங்கள் குறையும்.

பதிலுக்கு இரண்டு மாதம் ஆகலாம் என்பதால், மார்ச் விடுமுறைக்குள் நீங்கள் ஒரு கடிதமும் கணவர் அவருடைய அலுவலகத்தில் ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பதிலும் கைக்கு வந்த பிறகு, வேலையை விடுவதா வேண்டாமா என்று பேசுங்கள். அதுவரை அந்த முடிவைத் தள்ளிவையுங்கள்.