பத்து வருஷம் ஃப்ரீசரில்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னை விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்திவிட்டார். இல்லைங்க. நான் லேப் டெக்னீஷியன். முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தம், சளி, சிறுநீர் என்று பார்த்து ரிட்டயர் ஆனவன். எபோலா தடுப்பூசிக்கு வழி திறந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதோ இந்த இடது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு நோயாளியிடம் ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போட்டேன். போடக் கூடாது; அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டோம். மூடிக்குள் போக வேண்டிய ஊசி விரலுக்குள் போய்விட்டது. ஒரு பொட்டு ரத்தம். மறுநாள் ரிசல்ட் வந்தது. அந்த நோயாளிக்கு 'பி' வகை மஞ்சள் காமாலை. எனக்கோ தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மேலே கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றார்கள். ஆறு மாதம் பார்த்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கண் மஞ்சளாகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இன்று வரைக்கும் சொன்னதில்லை; இன்றைக்குத்தான் மைக்கில் சொல்கிறேன்.

அதனால்தான் 2009 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு விரல் கூசியது. ஆய்வகத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஆராய்ச்சியாளருக்கு, கையுறைகளைத் தாண்டி ஊசி விரலில் ஏறிவிட்டது. ஊசியில் இருந்தது எபோலா. முதன்முதலில் தெரியவந்த 1976இல், அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யாம்புக்குப் பகுதியில் 318 பேருக்கு வந்து 280 பேரைக் கொண்டுபோன கிருமி. அப்போது மருந்து கிடையாது. ஆனால் கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் ஒரு தடுப்பூசி இருந்தது. குரங்குக்குப் போட்டுப் பார்த்தது, மனிதருக்கு யாரும் போட்டதில்லை. அதை விமானத்தில் வரவழைத்து, 48 மணி நேரத்துக்குள் அவருக்குப் போட்டார்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தது. எபோலாவா, தடுப்பூசியால் வந்த காய்ச்சலா? அந்த இரவு அந்த அறையில் இருந்தவர்களுக்கு எப்படி விடிந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவர் பிழைத்தார்.

சரி, அந்தக் குப்பி வின்னிபெக்குக்கு எப்படி வந்தது?

ஹைன்ஸ் ஃபெல்ட்மன் என்று ஒரு வைரஸ் ஆய்வாளர். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வைரஸ் உண்டு. 1967இல் உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகளைக் கையாண்ட ஆட்களுக்கு மார்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், பெல்கிரேடு என்று மூன்று ஊர்களில் காய்ச்சல் வந்து, 31 பேரில் 7 பேர் இறந்தார்கள். குரங்குகளைத் தருவித்ததே தடுப்பூசி வேலைக்காகத்தான். மார்பர்க் வைரஸ் எபோலாவுக்குப் பங்காளி. அந்த ஊரில் படித்தவர் இந்த வழிக்குப் போனதில் ஆச்சரியமில்லை.

அவர் தடுப்பூசி செய்யக் கிளம்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எபோலாவின் மேல் ஒரு புரதம் முளைத்திருக்கும்; நம் செல்லின் கதவைத் திறக்கும் சாவி. இந்தச் சாவிதான் ஆளைக் கொல்கிறதா என்பது அவருடைய கேள்வி. தெரிந்துகொள்ள, அதைக் கழற்றி ஒரு சாதுவான வைரஸின் மேல் மாட்டிப் பார்க்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். அந்தச் சாது வைரஸ், அமெரிக்கக் கண்டங்களில் மாட்டுக்கும் குதிரைக்கும் வாயில் கொப்புளம் உண்டாக்குவது. பார்த்தால் நம்மூர் கோமாரி மாதிரியே இருக்கும், கிருமி வேறு. அந்த வைரஸில் வேறு புரதத்தை மாட்டும் வித்தையை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஸ் உருவாக்கியிருந்தார்.

1999இல் ஃபெல்ட்மன் வின்னிபெக்குக்குப் போனார். அங்கே ஸ்டீவன் ஜோன்ஸ் முதலானவர்களோடு சேர்ந்து இந்த ஒட்டு வைரஸை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, சாவி தனியாக நின்று கொல்வதில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கடையைக் கட்டலாம். ஆனால் அவர்கள் அந்த எலிகளுக்கே உண்மையான எபோலாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் சாகவில்லை.

இந்த வேலை எப்படிப்பட்ட இடத்தில் நடக்கும் தெரியுமா? நான்காம் நிலை ஆய்வகம். நம் நாட்டில் புனேயில் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்க மூடிய பிளாஸ்டிக் உடுப்பு, கூரையிலிருந்து தொங்கும் குழாயில் மூச்சுக் காற்று. குழாயின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கையுறைக்கு மேல் கையுறை. அதோடு துள்ளும் எலியைப் பிடிக்க வேண்டும். வெளியே வரும்போது உடுப்போடு ரசாயனக் குளியல். மூக்கு அரித்தாலும் அதற்குப் பிறகுதான். நான் வெறும் கையோடு சளி டப்பா திறந்தவன். இதைக் கேட்டால் பொறாமை, பயம் இரண்டும் வருகிறது.

2005இல் கட்டுரை வெளிவந்தது. ஒரே ஊசி, குரங்குகள் பிழைத்தன. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. குரங்குக்கு வேலை செய்ததை மனிதருக்குக் கொண்டுபோகப் பெரும்பணம் வேண்டும். எபோலா வருவதோ ஆப்பிரிக்கக் காட்டோரக் கிராமங்களில், எப்போதாவது. 2013 வரை வந்த எல்லாப் பரவலையும் கூட்டினாலும் இறந்தவர்கள் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. வாங்க ஆளில்லாத சரக்கை எந்தக் கம்பெனி செய்யும்? தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாக்கன்று நட்டவர்களைக் கேளுங்கள், காத்திருப்பு என்றால் என்ன என்று சொல்வார்கள். கன்றாவது கண் முன்னால் வளரும். ஃப்ரீசரில் இருப்பது வளராது. 2008இல் ஃபெல்ட்மன் அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஆய்வகத்துக்கு மாறிப் போய்விட்டார். இதற்காக அந்தக் கம்பெனிகளைத் திட்டி முடித்துவிட என்னால் முடியவில்லை. அரசாங்கங்கள் செய்திருக்கலாம். செய்யவில்லை.

2014இல் கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளும் எபோலாவில் பற்றி எரிந்தன. முடிவில் 28,600க்கு மேல் நோயாளிகள், 11,300க்கு மேல் சாவு. அந்த ஆகஸ்டில் கனடா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தருவதாகச் சொன்னது 800 முதல் 1000 டோஸ்! அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஜெனீவாவில் ஆரோக்கியமானவர்களுக்குப் போட்டபோது சிலருக்கு மூட்டுவலி வந்தது. நிறுத்தி, அளவைக் குறைத்து, மறுபடி தொடங்கினார்கள்.

2015இல் கினியாவில் போட்ட முறை நம் பெரியவர்களுக்குப் பழக்கமானது. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள், கையைத் தூக்க வேண்டாம். பெரியம்மையை ஒழித்த கடைசிக் கட்டத்தில் ஊர் முழுக்கக் குத்தவில்லை. நோய் வந்த வீட்டைச் சுற்றி வளையம் போட்டுக் குத்தினார்கள். அதே வளையம்தான் கினியாவிலும். நோயாளியைத் தொட்டவர்கள், அவர்களோடு பழகியவர்கள். தடுப்பூசி போட்ட 5,837 பேரில், பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்குக்கூட எபோலா வரவில்லை. ஊசி போடாதவர்களிடம் 23 பேருக்கு வந்தது. மைனஸ் 60 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்தை, கரண்ட் இல்லாத கிராமங்களுக்குத் தனிப் பெட்டிகளில் கொண்டுபோனார்கள். 2019இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. 2018 முதல் 2020 வரை கிழக்குக் காங்கோவில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, மூன்று லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "ஐயா, இப்போது எபோலா வந்தால் பயமில்லையா?" நல்ல கேள்வி. அந்த ஊசி ஜயர் வகை எபோலாவுக்கு மட்டும்தான். சூடான் வகை என்று இன்னொன்று உண்டு. அதன் சாவி வேறு. 2022இல் அது உகாண்டாவில் பரவியபோது, சோதனைத் தடுப்பூசிகள் வந்து சேர்வதற்குள் பரவலே ஓய்ந்துவிட்டது. வந்த குப்பிகளைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே சூடான் வகை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மறுபடி வந்ததாக அறிவித்தார்கள். அதே மாட்டுக் கொப்புள வைரஸில் சூடான் சாவியை மாட்டிய சோதனைத் தடுப்பூசி, பிப்ரவரி 3 அன்று முதல் ஆளின் கையில் ஏறிவிட்டது. நாலே நாள்.