திரையில் இருப்பதை முதலில் படியுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். முன்பெல்லாம் என் கடைக்கு வரும் மடிக்கணினிகளில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பார்ப்பதே அரிது. இப்போது அப்படியில்லை. பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டவர்கள் வருகிறார்கள். பாடத்துக்கு வேண்டும் என்று நிறுவிக்கொண்ட மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் உள்ளே நுழையும்போதே ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "லினக்ஸ் எங்களுக்குச் சரிப்படவில்லை, அழித்துவிட்டு வேறு போட்டுக் கொடுங்கள்."

இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறும். அரை மணி நேரத்தில் தீரக்கூடிய தொல்லைக்காக மொத்தத்தையும் அழிக்கச் சொல்கிறார்களே என்றுதான். அப்படி அழிக்கும்போது குழந்தையின் பிறந்தநாள் படங்களும் சேர்ந்து போய்விடும். லினக்ஸில் ஏதாவது தவறினால், என்ன தவறியது என்பதைக் கணினி எங்கேயாவது எழுதி வைத்திருக்கும். அது எழுதியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் படிப்பதுதான் முதல் வேலை. சரிசெய்வது அதற்குப் பிறகு. இன்று நான் சொல்ல வந்ததும் இதைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள், கடை மூடும் நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியோடு ஓடிவந்தாள். மறுநாள் காலைக்குள் புராஜெக்ட் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கணினியில் லினக்ஸ் மின்ட். கடவுச்சொல்லைப் போட்டால் திரை ஒரு கணம் கறுக்கிறது. பிறகு மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்றும் சொல்லவில்லை. ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண் கலங்கி நின்றாள்.

கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்-3 விசையைத் தட்டினேன். படங்கள், பொத்தான்கள் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வந்தது. முகப்புத் திரை படுத்துவிட்டாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அவளுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கே தட்டச்சு செய்யச் சொன்னேன். உள்ளே போனதும் ஒரு சிறிய கட்டளை. காகிதம் பக்கத்தில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். ஹார்ட் டிஸ்கில் எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மீதம் இருக்கிறது என்று அது பட்டியல் போடும். முதன்மைப் பகுதிக்கு நேராக 100 விழுக்காடு என்று இருந்தது. மீதம் சுழியம்.

"அண்ணா, இடம் இல்லை என்று தெரிந்துதான் நேற்றே வகுப்பு வீடியோக்களை எல்லாம் அழித்துவிட்டேனே" என்றாள்.

"அழித்தாய் சரி, குப்பைத்தொட்டியைக் காலி செய்தாயா அம்மா?" என்று கேட்டேன். அவள் செய்யவில்லை. அழித்த கோப்புகள் அனைத்தும் குப்பைத்தொட்டியில் அதே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. நாம் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் நம் கோப்புறையில் சில சின்னஞ்சிறு குறிப்புகளை எழுதும். எழுத இடமே இல்லை என்றால் நுழைவு பாதியில் முறிந்து, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அவளுக்கு நடந்தது அதுதான். ஆனால் இதை அமைத்தவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் இஎக்ஸ்டி-4 என்ற கோப்பு முறைமை, வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை நிர்வாகிக்கென்று தனியே ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய முடிந்தது. சூடோ ஆப்ட் கிளீன் என்று ஒரு கட்டளை கொடுத்தேன். நிறுவி முடித்த மென்பொருள்களின் பழைய பொட்டலங்களை அது நீக்கும். நம் கோப்புகளைத் தொடாது. கொஞ்சம் இடம் கிடைத்ததும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-7 தட்டி முகப்புக்குத் திரும்பினோம். கடவுச்சொல் போட்டாள். அவளுடைய திரை வந்தது. குப்பைத்தொட்டியைத் தன் கையாலேயே காலி செய்தாள். அறிக்கை வைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

சூடோ என்றேன். நிர்வாகி உரிமையோடு இதைச் செய் என்று சொல்லும் சொல் அது. அதைத் தொடர்ந்து கணினி கடவுச்சொல் கேட்கும். மின்ட் போன்ற சிலவற்றில் நட்சத்திரப் புள்ளி வரும்; பல லினக்ஸ்களில் நீங்கள் தட்டும்போது திரையில் எழுத்தும் வராது, நட்சத்திரப் புள்ளியும் வராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது விசைப்பலகை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர் உண்டு. அது கெடவில்லை. பின்னால் நிற்பவர் கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். முழுவதும் தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள், போதும்.

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடிக்கடி வருபவை மூன்று நான்குதான். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் நீங்கள் எழுதிய கட்டளையில் எழுத்துப் பிழை, அல்லது அந்த மென்பொருள் இன்னும் நிறுவப்படவில்லை. 'நோ சச் ஃபைல்' என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. இங்கே கவனம் தேவை: லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. டவுன்லோட்ஸ் என்ற கோப்புறையின் முதல் எழுத்தைச் சிறிதாக எழுதினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடும். 'பெர்மிஷன் டினைட்' என்றால் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. உடனே சூடோ போட்டு மீற வேண்டாம். ஏன் உரிமை இல்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சில செய்திகள் மருந்தையும் சேர்த்தே சொல்லும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது நடக்காத ஊர் நம்மிடம் இல்லை. மறுமுறை எதையாவது நிறுவப் போனால், மென்பொருளை நிறுவும் கருவியான டிபிகேஜி பாதியில் தடைப்பட்டது, இந்தக் கட்டளையை நீங்களே கொடுத்துச் சரிசெய்யுங்கள் என்று முழுக் கட்டளையையும் எழுதிக் காட்டும். அதை அப்படியே தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்துவிடும். அந்த வரியைப் படிக்காமல் சன்னலை மூடி மூடித் திறந்து, கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதேபோல, பூட்டைப் பெற முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். வேறொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்தான். பொறுத்திருந்து மறுபடி முயலுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லி யாராவது வழி காட்டினால் கேட்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் இன்னொரு கையை விட்டால் இரண்டுமே கெடும்.

அடுத்து வைஃபை. புதிதாக நிறுவியவர்களின் முதல் முறையீடு இதுதான். இணையம் வர, வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் நிற்பார்கள். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் கணினியில் செருகி, போன் அமைப்பில், போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கம்பி வழி இணைப்புபோல லினக்ஸ் அதை உடனே ஏற்றுக்கொள்ளும். பிறகு, கட்டளைகளைத் தட்டும் சன்னலான டெர்மினலைத் திறந்து ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கொடுத்துப் பாருங்கள். வைஃபையைக் குறிக்கும் 'வயர்லெஸ் லேன்' என்ற பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கும். சாஃப்ட் பிளாக்ட் என்பதற்கு நேராக 'யெஸ்', அதாவது ஆம், என்று இருந்தால் மென்பொருள் அதை அணைத்து வைத்திருக்கிறது. ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்றால் திறந்துவிடும். ஹார்ட் பிளாக்ட் என்பதற்கு நேராக 'யெஸ்' என்றால், கணினியின் பக்கவாட்டிலோ விசைப்பலகையிலோ இருக்கும் வைஃபை பொத்தான் அணைந்திருக்கிறது. எந்தக் கட்டளைக்கும் அது அசையாது, விரலால்தான் தட்ட வேண்டும். வயர்லெஸ் லேன் என்ற பேச்சே அந்தப் பட்டியலில் இல்லை என்றால்தான் டிரைவர் பிரச்சினை. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் அதற்கென்றே டிரைவர்களுக்கான பகுதி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பொருத்தமானதை அதுவே தேடிக் காட்டும்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரையே வரவில்லை என்றாலும் அஞ்ச வேண்டாம். கணினி தொடங்கும்போது ஷிப்டை அழுத்திப் பிடித்தாலோ எஸ்கேப்பைத் தட்டினாலோ, மாடலைப் பொறுத்து, ஒரு பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் முந்தைய பதிப்பு இருக்கும். புதிய கர்னலை நிறுவும்போது பழையதை உடனே வீசிவிடுவதில்லை. பழையதன் வழியாக உள்ளே போங்கள், வேலையைப் பாருங்கள், காரணத்தை நிதானமாகத் தேடுங்கள். ஒலி வரவில்லை என்றால் ஒலி அமைப்பைத் திறந்து, வெளியீடு டிவியை இணைக்கும் எச்டிஎம்ஐக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான்.

கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதில் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குள் போனால், மாலை 6 மணிக்குப் பகல் 12.30 என்று காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று மாற்றுகிறார்கள். மறுநாளும் அதே கதை. வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சரியாக ஐந்தரை மணி நேரம். உலகப் பொது நேரத்துக்கும் நம் இந்திய நேரத்துக்கும் உள்ள அதே இடைவெளி. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருக்கிறது என்று லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் கொள்கிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் செட் லோக்கல் ஆர்டிசி 1 என்று கொடுத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு இணங்கிவிடும். அதன் பிறகு நேர நிலையைக் கேட்டால், இந்த ஏற்பாட்டில் நேர மண்டலம் மாறும்போதும் கோடைகால நேர மாற்றத்தின்போதும் சிக்கல் வரும் என்று எச்சரிக்கும். கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. கணினி நம் ஊரிலேயே இருக்கும் வரை அந்த எச்சரிக்கை நம்மைத் தொடாது.

இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளைப் புரியாமல் ஒட்டாதீர்கள். குறிப்பாக சூடோ ஆர்எம் என்று தொடங்கும் எதையும் தெரிந்தவரிடம் கேட்காமல் தொடவே கூடாது; அது குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, ஒரேயடியாக நீக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து மாற்றங்களை அடுக்கிவிட்டு வருகிறவர்களின் கணினியில், முதலில் இருந்த நோயைவிட அவர்கள் கொடுத்த மருந்துகளைப் பிரித்தெடுக்கத்தான் எனக்கு நேரம் ஆகிறது. உதவி கேட்கும்போதும் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று சொல்லுங்கள். போனில் ஒரு படம் எடுத்துவந்தால் இன்னும் நல்லது.

தமிழ் எழுத்து பற்றிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். லினக்ஸில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்; நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. டெர்மினலில் மட்டும் கொம்பும் காலும் விலகித் தெரிந்தால் உங்கள் கோப்பில் குறை இல்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று டெர்மினல் வைத்திருப்பதால் வருவது அது. ஆனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொண்டுவந்த கோப்பு வேறு வகை. தன் ஊரின் வரலாற்றை முந்நூறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். மகன் லினக்ஸ் போட்டுக்கொடுத்த பிறகு திறந்தால், பக்கம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எல்லாம் போய்விட்டது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த முறையில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவே. யூனிகோட் என்னும் ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. வல்லின 'ற' வர வேண்டிய இடத்தில் இடையின 'ர' இருந்தது.

"இது உங்கள் கருவி செய்ததல்ல தம்பி, என் பிழை. அன்றைக்கே இருந்தது" என்றார். உட்கார்ந்து, அதைத் திருத்தினார்.

வணக்கம்.