அந்தப் பூனை நிஜமா?

நேயர்களுக்கு வணக்கம். சாப்பாட்டு நேரத்தில் இந்த உரையைப் போட்டிருக்கிறார்கள். தட்டில் கை வைத்திருப்பவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. பதினைந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் சில வருடங்கள் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் நடத்தினோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், வாடகை புரொஜெக்டர், சுவரில் வேட்டி. ஒருமுறை நண்பர் ஒருவர் 'மென் பிஹைண்ட் த சன்' என்ற படத்தின் சிடியைக் கொண்டுவந்தார். 1988-இல் வந்த படம். இயக்குநர் மௌ துன்-ஃபெய். சீன மொழியில் அதன் பெயர் 'கறுப்புச் சூரியன் 731'. ஹாங்காங்கில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற 'மூன்றாம் வகை' முத்திரையை அந்த வருடம்தான் கொண்டுவந்தார்கள். அதை முதலில் வாங்கிய படம் இதுதான் என்பார்கள். இதையெல்லாம் நான் அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இது ஜப்பானிய ராணுவத்தின் 731-ஆம் பிரிவைப் பற்றிய படம் என்பது மட்டும்தான்.

அந்தப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குச் சீனாவில், அப்போது ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவில், ஹார்பின் நகரத்துக்குப் பக்கத்தில் பிங்ஃபாங் என்று ஓர் ஊர். 1930-களில் ஷிரோ இஷீ என்ற ராணுவ மருத்துவர் அங்கே ஒரு பெரிய வளாகம் கட்டினார். பிளேக், காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகளை ஆயுதமாக்குவது எப்படி என்று உயிரோடு இருக்கும் மனிதர்களை வைத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், கொஞ்சம் ரஷ்யர்கள், கொரியர்கள், மங்கோலியர்கள். வளாகத்துக்குள் மட்டும் குறைந்தது 3,000 பேர் செத்திருப்பார்கள் என்பது பரவலான கணக்கு. வெளியே கிருமி பரப்பப்பட்ட ஊர்களில் செத்தவர்கள் தனி. அக்கம்பக்கத்தில் அதை ஒரு மரம் அறுக்கும் ஆலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் கைதிகளுக்கு 'மருதா' என்று பெயர். நமக்கு அது ஏதோ ஊர்க்காரர் பெயர் மாதிரி கேட்கிறது. ஜப்பானிய மொழியில் மரக்கட்டை என்று அர்த்தம். இன்றைக்கு எத்தனை கட்டை விழுந்தது என்று கேட்டுக்கொள்வார்களாம்.

சரி, படத்துக்கு வருகிறேன். அன்று பதினாலு பேர் வந்திருந்தார்கள். கைதிகளின் கைகளைக் குளிரில் உறையவைக்கும் உறைபனிச் சோதனைக் காட்சி வந்ததும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் டீ குடித்துவிட்டு வந்து, படியிலேயே நின்றுகொண்டு, "முடிஞ்சிருச்சா?" என்று எட்டிப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி இறங்கிப் போனார். ஒரு கல்லூரி மாணவர் கடைசிவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், போகவும் இல்லை. நான் பாதி நேரம் புரொஜெக்டரைச் சரி செய்வதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். படம் போட்டவன் நான்தான், கண்ணை மூடினால் நன்றாகவா இருக்கும்?

விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார்: "அந்தப் பூனை நிஜமா சார்?"

படத்தில் ஓர் இடத்தில், நூற்றுக்கணக்கான எலிகள் இருக்கும் அறைக்குள் ஒரு பூனையைத் தூக்கிப் போடுகிறார்கள். அதைத்தான் கேட்டார். அவ்வளவுதான், எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. நிஜம்தான், ஒரு மிருகத்தால் அப்படி நடிக்க முடியாது என்றார் ஒருவர். எடிட்டிங்கில் ஏமாற்றியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். முக்கால் மணி நேரம் பூனையைப் பற்றியே பேசினோம். அப்புறம் எல்லாரும் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அதுதான் முதலில் மனதில் வந்தது. மனிதர்கள் சாகும்போது, இவர் நடிகர், கட் சொன்னதும் எழுந்து போய் முகம் கழுவுவார் என்று மனசு ஓரத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பூனை விஷயத்தில் அந்தச் சமாதானம் கிடையாது. அந்தப் பூனையைப் பற்றிப் பார்த்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்று பின்னால் தெரியவந்தது. படத்தில் ஒரு சிறுவனை மேசையில் கிடத்தி, மயக்க மருந்து கொடுத்து, உடலை அறுக்கும் காட்சி உண்டு. அறுக்கும் இடத்தில் காட்டப்படுவது நிஜமான ஒரு சிறுவனின் பிரேதம். இயக்குநரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் மாடியில் பதினாலு பேர், சரி, பன்னிரண்டு பேர், அந்தப் பையனைப் பார்த்தோம். ஒருவரும் அவன் நிஜமா என்று கேட்கவில்லை. நல்ல மேக்கப் என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

இப்படி எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டும் படம் நம்மைச் சாட்சியாக ஆக்குவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் தந்திரம் கண்டுபிடிக்கிற ஆளாகிவிடுகிறோம். எது ரப்பர், எது சாயம் என்று கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவ் 1985-இல் எடுத்த 'வந்து பார்' படம் நினைவுக்கு வருகிறது. நாஜிகள் பெலாரஸ் கிராமங்களை மக்களோடு சேர்த்துக் கொளுத்தியதைப் பற்றிய படம். அதிலும் ஒரு மாடு சாகிறது, அதிலும் சர்ச்சை உண்டு. ஆனால் அங்கே கேமரா பெரும்பாலும் ஒரு பையனின் முகத்தில்தான் நிற்கிறது. முகம் ரப்பரா என்று யாரும் தேடுவதில்லை. ஒரு திரையிடலுக்குப் பிறகு வயதான ஜெர்மானியர் ஒருவர் எழுந்து, நான் ஜெர்மன் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவன், இதில் வருவதெல்லாம் உண்மை, என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் பார்ப்பார்களே என்பதுதான் எனக்கு அவமானம் என்று சொன்னாராம். கிளிமோவ் சொன்ன செய்தி இது.

உறைபனிச் சோதனைக்குத் திரும்ப வருகிறேன். கைதிகளின் கைகளைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சூரியக் குளிரில் வெளியே நிற்கவைப்பார்கள். உறைந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ஜப்பானிய அதிகாரி சாட்சியத்தில் சொன்னார்: சின்னக் குச்சியால் கையைத் தட்டுவார்கள், பலகையைத் தட்டினாற்போலச் சத்தம் வந்தால் உறைந்துவிட்டது. படத்தில் பார்த்த எதையும்விட இந்த ஒரு வரிதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. இதற்கு மேக்கப் வேண்டாம், பிரேதம் வேண்டாம். வானொலியே போதும்.

படம் எடுக்கவே முடியாத ஒரு பகுதியும் இந்தக் கதையில் உண்டு. 1949 டிசம்பரில் சோவியத் யூனியன் கபரோவ்ஸ்க் நகரத்தில் இதற்காகப் பன்னிரண்டு பேரை விசாரித்துத் தண்டித்தது. போரில் ஜப்பான் தோற்ற பிறகு அமெரிக்காவின் கையில் இஷீயும் அவருடைய முக்கியமான ஆட்களும் இருந்தார்கள். அவர்கள்மீது வழக்கு இல்லை. சோதனைத் தகவல்களைக் கொடுங்கள், விட்டுவிடுகிறோம் என்று பேரம். 1947 டிசம்பரில் எட்வின் ஹில் என்ற அமெரிக்க விஞ்ஞானி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது. மனிதர்கள்மீது சோதனை செய்வதில் உள்ள தயக்கத்தால் நம் ஆய்வகங்களில் இத்தகவல்களைப் பெற்றிருக்க முடியாது என்கிறார். இதுவரை ஆன செலவு 2,50,000 யென்தான், ஆராய்ச்சிக்கு ஆன அசல் செலவோடு பார்த்தால் அற்பத்தொகை என்றும் எழுதுகிறார். இதை எப்படிப் படமாக்குவது? ஒருவர் மேசையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறார். ரத்தம் இல்லை, யாரும் எழுந்து வெளியே போக மாட்டார்கள். இஷீ 1959-இல் தொண்டைப் புற்றுநோயில் செத்தார். ஒருநாள்கூட நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை.

அந்தப் படத்தின் கதை 731-ஆம் பிரிவின் சிறுவர் படையில் சேரும் ஜப்பானியப் பையன்களோடு தொடங்கும். அந்தச் சிறுவர் படை கற்பனை இல்லை. 1945-இல், இரண்டாம் உலகப் போர் முடிய சில மாதங்களே இருந்தபோது, பதினாலு வயதில் அங்கே கொண்டுபோகப்பட்ட ஒருவர் 2024 ஆகஸ்டில், 93 வயதில், மறுபடி ஹார்பினுக்குப் போனார். மன்னிப்புக் கேட்பதற்காக. கட்டடங்களின் சிதைவுகளைச் சுற்றிக் காட்டினார்கள். நினைவுக்கல் முன்னால் நின்று குனிந்து வணங்கினார். சிறுவனாக இருந்தபோது அவரை அங்கே ஓர் அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே மனித உறுப்புகள், கைக்குழந்தைகளின் உடல்களும். இப்போது தன் வீட்டுச் சின்னக் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஜாடிகள்தான் நினைவுக்கு வருகின்றன என்று சொல்லியிருக்கிறார்.