திருமங்கலம் என்றால் எந்தத் திருமங்கலம்?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை வில்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இட்லி மாவு வியாபாரம் செய்கிறார். வீட்டுக் கொல்லையில் நான்கு கிரைண்டர், வாசலில் மூன்று டிவிஎஸ் எக்ஸ்எல், வண்டிக்கு ஒரு பையன். காலை ஆறரைக்குள் 140 வீடுகளுக்கு மாவு போய்ச் சேர்ந்தாக வேண்டும். எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட், எந்தச் சந்து, எந்த மாடி, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் ஒரு நீளமான கணக்கு நோட்டில் இருந்தது. பழைய பையன் வேலையை விட்டுப் போனால் புதுப் பையனுக்கு அந்த நோட்டு விளங்காது. "நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, இதை போன்ல மேப்பாப் போட்டுக் குடேன் தம்பி" என்று அக்கா கேட்டார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். மூன்று மாதம் ஆனது. கல்லூரியில் கணினி படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த மூன்று மாதக் கதை உங்களுக்குத்தான்.

வரைபடச் சேவையை நம்முடைய நிரலுக்குள் கொண்டுவரும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்குள் நம்மை விட மாட்டார்கள். ஜன்னலில் கார்டை நீட்டினால் நமக்கு உரியதை அளந்து தருவார்கள். ஏபிஐயில் அந்தக் கார்டுக்குப் பெயர் கீ, நீளமான ஓர் எழுத்துக்கோவை. மாதத்துக்கு இவ்வளவு இலவசம் என்று அளவும் உண்டு. ஒரு வித்தியாசம். ரேஷன் கடையில் அளவு முடிந்தால் கையை விரித்துவிடுவார்கள். இங்கே பல இடங்களில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், பில் மாதக் கடைசியில் வரும். அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

மேப் என்பது ஒரே சரக்கு, ஒரே கடையில் வாங்க வேண்டியது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. திரையில் தெரியும் படம் ஒரு சரக்கு. முகவரியைச் சொன்னால் அது பூமியில் எந்தப் புள்ளி என்று சொல்வது இன்னொன்று. இதை ஜியோகோடிங் என்பார்கள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை போடுவது மூன்றாவது. நாம் இப்போது நிற்கும் இடத்தைச் சொல்வது நான்காவது. நான்கையும் நான்கு இடத்தில் வாங்கலாம். சிலதை வாங்கவே வேண்டாம்.

படம்தான் இதில் சுலபம். இணைய வரைபடம் ஒரே பெரிய படம் இல்லை. 256 பிக்சலுக்கு 256 பிக்சல் அளவுள்ள சதுர ஓடுகளை அடுக்கி வைத்தது. டைல் என்றே சொல்வார்கள். உலகம் முழுவதும் ஒரே ஓட்டில் அடங்குவது பூஜ்யம் நிலை. ஒவ்வொரு நிலை உள்ளே போகப் போக ஓடுகள் நான்கு மடங்காகும். தெருவும் சந்தும் தெளிவாகத் தெரிகிற 18ஆம் நிலையில் 6,870 கோடிக்கு மேல் ஓடுகள். இவற்றைத் திரையில் அடுக்கிக் காட்ட லீஃப்லெட் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. உக்ரைனைச் சேர்ந்த வொலொதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்டது. நாலைந்து வரி எழுதினால் மதுரை திரைக்கு வந்துவிடும்.

ஓடுகளை எங்கிருந்து எடுப்பது? கூகுள் மேப்ஸ் 2005இல் ஏபிஐயைத் திறந்தது. 2018இலிருந்து கீயும், பணம் கட்டும் கணக்கும் இல்லாமல் முழுச் சேவை கிடைக்காது. இந்தியாவுக்கான கட்டணத்தை 2024 ஆகஸ்டில் 70 சதவீதம் வரை குறைத்தார்கள். நம் நாட்டிலேயே மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் இருக்கிறது, இஸ்ரோவின் புவன் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். தரவு இலவசம் என்பதால் அவர்களுடைய சர்வரும் நமக்கு இலவசம் என்று நினைக்கக் கூடாது. அது நன்கொடையில் ஓடுகிறது. மொத்தமாக ஓடுகளை இறக்கினால் தடுத்துவிடுவார்கள். அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், அண்டாவோடு தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மூன்று வண்டி, ஒரு சின்னத் திரை என்ற அளவுக்கு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தின் மூலையில் அவர்கள் பெயரைப் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்தது முகவரி. இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தேடல் சேவைக்கு நாமினேட்டிம் என்று பெயர். வினாடிக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம், யார் கேட்கிறோம் என்று நிரலின் பெயரைச் சொல்ல வேண்டும், கிடைத்த விடையைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். 140 முகவரிக்கு இரண்டரை நிமிடம்கூட ஆகாது. ஓட விட்டுவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால், மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலத்திலுள்ள அக்காவின் அண்ணன் வீடு சென்னையில் இருக்கிறது. சென்னை அண்ணா நகரை ஒட்டியும் ஒரு திருமங்கலம் உண்டல்லவா! நம்ம மதுரை அண்ணா நகர் வாடிக்கையாளர்களும் அதே ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போயிருந்தார்கள். நாகமலைப் புதுக்கோட்டைக்காரர் புதுக்கோட்டை மாவட்டத் தலைநகரில் இருந்தார். கே.கே. நகர் பற்றிச் சொல்லவே வேண்டாம், திருச்சியிலும் ஒன்று இருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு. தேடும்போது, இந்தச் சதுரத்துக்குள் மட்டும் தேடு என்று மதுரையின் நான்கு எல்லைகளையும் கொடுத்துவிடலாம். எல்லா ஜியோகோடிங் சேவையிலும் ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி இருக்கும். ஊர் சரியானது. தெரு சரியாகவில்லை. நோட்டில் 'மேல மாசி வீதி' என்றிருக்கும், படத்தில் ஆங்கிலத்தில் 'வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்' என்றிருக்கும். கீழ, மேல என்றால் கிழக்கு, மேற்கு என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு மேல என்றால் மாடியா, மேற்கா? அப்புறம் நம் முகவரியே தெருவை நம்பி இல்லையே. 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி, டைலர் கடை மாடி' என்பதுதான் முகவரி.

இதற்கிடையில் புள்ளிகளை எழுதும்போது நான் செய்த கூத்து ஒன்று. மதுரை அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12. சில நிரல்களில் அட்சரேகை முதலில் வரும், லீஃப்லெட்டில் அப்படித்தான். ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். 140 வீடும் வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, பனிக்கடலில் மிதந்தன. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி எல்லாம் நீலமா இருக்கு?" என்றார்.

பில் கதைக்கு வருகிறேன். ஜியோகோடிங் சரியாக வரவில்லை என்று பணம் வாங்கும் ஒரு சேவையில் கணக்குத் தொடங்கினேன். எந்தச் சேவை என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. கீயை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்த நிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டேன். யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் பதினோராயிரம் ரூபாய் பில். எழுதிக் கேட்டதில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். கீ வாங்கினால் அன்றைக்கே இரண்டு பூட்டுப் போடுங்கள். இந்த இணையதளத்திலிருந்து, அல்லது இந்தச் செயலியிலிருந்து வந்தால் மட்டும் செல்லும் என்பது ஒன்று. ஒரு நாளில் இத்தனை கேள்விக்கு மேல் பதில் கூடாது என்பது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலான சேவைகளில் ஐந்து நிமிட வேலை. விதிமுறையையும் படியுங்கள். கூகுள் ஜியோகோடிங்கில் கிடைக்கும் புள்ளியை 30 நாளுக்கு மேல் நம்மிடம் சேமித்து வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது.

கடைசியில் வீடுகளுக்கு ஜியோகோடிங்கையே தூக்கிப் போட்டுவிட்டோம். யோசனை என்னுடையது இல்லை, செந்தில் என்று நாங்கள் கூப்பிடும் பையனுடையது. "நான் தினம் அந்த வாசல்லதான அண்ணே நிக்கிறேன். நிக்கும்போது ஒரு பட்டனை அமுக்குனாப் போதாதா?" போதும். போனின் பிரவுசரே இருக்கும் இடத்தைச் சொல்லும். அதற்குக் கீ வேண்டாம், பில் கிடையாது. போன்காரர் சம்மதம் கொடுக்க வேண்டும், இணையப் பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புள்ளியோடு, எத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்ற எண்ணும் வரும். மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் இரண்டு புறமும் மாடி வீடு, வானமே ஒரு கீற்றுதான் தெரியும், ஜிபிஎஸ் தடுமாறும். 20 மீட்டருக்கு மேல் காட்டினால் ஏற்காதே என்று எழுதினேன். ஐந்து நாளில் 140 வீடும் சேர்ந்துவிட்டன. இவை எங்கள் சொந்தத் தரவு. எந்த நிறுவனத்தின் விதியும் இதற்கு இல்லை.

அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின்னையும் சேர்த்தேன். நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குப் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. கணக்கிடும் முறை வெளிப்படையாக இருப்பதால் இணையம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மாடி மட்டும் அதில் தெரியாது. அதை நோட்டில் பார்த்துதான் எழுதினோம்.

பாதை போட ஓஎஸ்ஆர்எம் என்ற இலவச நிரல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கி நம் கணினியிலேயே ஓட்டலாம். பல இடங்களை எந்த வரிசையில் சுற்றுவது என்றும் சொல்லும். நேர்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். சிம்மக்கல்லும் செல்லூரும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, நடுவில் வைகை. பாலம் வழியாகத்தான் போக வேண்டும். வைகையில் தண்ணீர் பெருகினால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும். அன்றைக்கு அக்காதான் பையன்களுக்கு போன் செய்கிறார். அதற்கு நான் இன்னும் ஏபிஐ கண்டுபிடிக்கவில்லை.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. படத்தில் பெயரே இல்லாத சந்துகள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு தெருவுக்குத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், மாற்றுப் பெயர் என்று தனித்தனி இடம் உண்டு. மேல மாசி வீதி, வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட் சிக்கல் அங்கே தீர்ந்தது. பெயரில்லாத சந்துகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் போனேன். ஒரு சந்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பெயர் கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வேறொன்று சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன். என் போனில் சந்து கோடாக விழுவதைப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தைப் போடு தம்பி. என் வீட்டைப் போடாதே. ஏற்கெனவே கல்யாணப் பத்திரிகை அதிகமா வருது."

நன்றி, வணக்கம்.