உட்கார்ந்தே ஆங்கிலம் வராது

வணக்கம் நேயர்களே. ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர்களை மாலை நேரத்தில் சமூகத் தொண்டு என்று, குழந்தைகளுக்கு விளையாட்டோடு ஆங்கிலம் சொல்லித்தர மைதானத்துக்கு அனுப்புகிறேன். அப்படி அனுப்பிவிட்டால் இலக்கணத்தை எப்போது படிப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஆசிரியராக வருகிற எவரும் அதற்கு முன்பே பல ஆயிரம் மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர், அதனால் பயிற்சியில் என்ன கேட்டிருந்தாலும் வகுப்புக்குள் நுழைந்ததும் தனக்குச் சொல்லித்தந்த மாதிரியே சொல்லித்தரத் தொடங்கிவிடுகிறார். இந்தப் பழக்கத்தை விரிவுரையால் மாற்ற முடியாது, ஏனென்றால் விரிவுரையும் உட்கார்ந்து கேட்பதுதானே.

மைதானத்தில் வருகைப் பதிவேடு கிடையாது, மதிப்பெண் கிடையாது. சலித்துப்போன குழந்தை எழுந்து போய்விடும். அது போகிற அந்த நொடியில் பயிற்சி ஆசிரியர் கற்றுக்கொள்வதை நான் எத்தனை குறிப்பு எழுதிக் கொடுத்தாலும் கற்பிக்க முடியாது.

சரி, அங்கே என்ன செய்வது? ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960-களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. ஆசிரியர் கட்டளையைச் சொல்லித் தானே செய்து காட்டுவார், கற்பவர் செய்தால் போதும், வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தரையில் ஒரு கயிற்றைப் போடுங்கள். அதைத் தாண்டினால் 'ஓவர்', அதன் மேல் நின்றால் 'ஆன்', இருவர் தூக்கிப் பிடிக்க அடியில் புகுந்தால் 'அண்டர்'. தமிழில் 'கயிற்றின் மேல்' என்று பின்னால் வருகிற சொல் ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது, கரும்பலகையில் பலருக்கும் குழம்புகிற இடம் இது. குதித்துப் பார்த்த குழந்தைக்கு அவ்வளவு குழப்பம் இருப்பதில்லை. ஓட முடியாத குழந்தைக்குக் கையாலேயே செய்கிற கட்டளைகளை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டு. நேற்று நடந்ததைச் சொல்லவும் கருத்துச் சொல்லவும் கட்டளை போதாது, அங்கே கதையும் உரையாடலும் வேண்டும்.

அப்புறம், தொண்டு என்று போய்விட்டுத் தேர்வு வந்ததும் பாதியில் நிறுத்தினால் ஏமாறுவது அந்தக் குழந்தைகள்தான். எத்தனை வாரம் வருவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மாலையும் முடிந்ததும் பயிற்சி ஆசிரியர்களை அங்கேயே உட்காரவைத்து நான் எழுதச் சொல்வது இரண்டே கேள்விகளுக்குப் பதில்: இன்று யார் ஒதுங்கி நின்றார்கள், எந்தச் சொல்லில் நின்றார்கள்?